சட்டைப்பைக்கு உகந்த மடக்குக்கத்தி

தபாலில் வந்த பொட்டலத்தின் கயிற்றை அறுக்கப் பல்லையும், அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவைக் கீறச் சாவியையும், ரயிலில் வாங்கிய ஆரஞ்சின் தோலை உரிக்க நகத்தையும் நாட வேண்டிய நிலைமை நம்மில் அநேகருக்கு அன்றாடம் நேருகிறது. வீட்டில் அரிவாள்மணை உண்டு. அலுவலகத்தில் யாரோ ஒருவருடைய மேஜை இழுப்பறையில் கத்தரிக்கோலும் உண்டு. ஆயினும் வேண்டிய வேளையில் வேண்டிய இடத்தில் அவை இருப்பதில்லை. இந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே, அலகு தன் பிடிக்குள்ளேயே மடங்கி அடங்கும் கத்தியை மனிதன் வெகுகாலத்துக்கு முன்பே செய்துகொண்டான். ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் என்னும் உப்புச் சுரங்க ஊரில் கிடைத்த, எலும்புப் பிடி போட்ட மடக்குக்கத்தி ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. கேம்பிரிட்ஜ் நகரத்து ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ரோமானியர் காலத்துக் கருவி ஒன்று இருக்கிறது. கத்தியலகு, கரண்டி, முள்கரண்டி, கூர்முள் ஆகிய யாவும் ஒரே வெள்ளிப் பிடியில் மடங்கிக்கொள்ளும்படி அதை ஒரு கம்மாளன் நுணுக்கமாகச் செய்திருக்கிறான்.

இவ்வளவு பழமையும் எளிமையும் வாய்ந்த பொருளை இன்று வாங்கப் புகுகிறவர், அதன் வகைகளின் பெருக்கத்தினாலேயே திகைப்படைகிறார். எஃகுக்கு எண்களும் எழுத்துகளும் கலந்த பெயர்கள். பூட்டுக்குப் பத்து விதமான அமைப்புகள். விலையோ ஒன்றுக்கு நூறு மடங்காக ஏறி நிற்கிறது. இந்தத் திகைப்பிலே பெரும்பாலோர் செய்யும் பிழை ஒன்றுதான்: காட்டில் வழி தவறியபோது மரம் வெட்ட உதவுமா, விபத்தில் சிக்கியபோது கண்ணாடியை உடைக்குமா என்று, வாழ்நாளில் ஒரு தரமும் நேராமற் போகக்கூடிய மகத்தான சந்தர்ப்பங்களைக் கற்பனை செய்துகொண்டு, அதற்கேற்பக் கனமும் நீளமும் மிகுந்த கத்தியைத் தேடுகிறார்கள். அப்படி வாங்கிய கத்தி சில நாட்களிலேயே பாரம் தாங்காமல் பெட்டிக்குள் போய்விடுகிறது. நாளைக் காலையில் நிச்சயமாக வரப்போகிற சிறு வேலை எதுவோ அதையே அளவுகோலாகக் கொண்டு கத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். இந்த ஒரு நியதியைக் கைக்கொண்டால், கீல், அலகு, எஃகு, பிடி, சட்டம் என்னும் மற்ற விஷயங்கள் யாவும் தாமாகவே தெளிவுபட்டுவிடும்.

முதலிலே கவனிக்கத்தக்கது கீல். நிலையான கத்தியில் அலகும் பிடியும் ஒரே இரும்பாக ஓடுகின்றன. மடக்குக்கத்தியிலோ, வலிமை எங்கே அதிகமாக வேண்டுமோ அங்கேயே அது இரண்டாகப் பிரிந்து ஓர் ஆணியினால் இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, விரித்த அலகு வேலையின் நடுவே விரலின்மேல் மடங்காமல் இருப்பதற்கு என்ன உபாயம் என்னும் கேள்வியே இந்தக் கருவியின் வரலாறு முழுவதையும் நடத்தி வந்திருக்கிறது. ஜப்பானில் ஹியோகோ மாகாணத்து மிக்கி நகரத்தில் 1890-களில் தோன்றிய ஹிகோனோகாமி என்னும் கத்தியில் வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் அடியில் நீண்டிருக்கும் சிறு வாலைக் கட்டைவிரல் பிடியோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கும் வரையில் அலகு விரிந்து நிற்கும். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்துக் கத்தித் தொழிலாளர் பதினேழாம் நூற்றாண்டிலேயே வேறொரு வழி கண்டார்கள்: பிடியின் முதுகில் ஒரு வில்லை அமைத்து, அது அலகின் அடிப்பாகத்தை அழுத்தி நிற்கும்படி செய்தார்கள். விரித்தபோதும் மடக்கியபோதும் டக்கென்று ஓசையிட்டு நிலைகொள்ளும் பேனாக்கத்திகள் எல்லாம் இந்தச் சந்ததியைச் சேர்ந்தவையே. இவற்றுக்குப் பூட்டு இல்லை; பலமாகப் பின்னோக்கி அழுத்தினால் மடங்கிவிடும். ஆனால் பழம் நறுக்கவும், பென்சில் சீவவும், கடித உறை பிரிக்கவும் அந்த வில்லின் அழுத்தமே தாராளமாகப் போதும்.

இன்னும் கொஞ்சம் பலத்தோடு வேலை செய்கிறவர்களுக்காகப் பூட்டுகள் பிறந்தன. பிரான்சின் சவோய் மலைநாட்டில், ஜோசப் ஒப்பினெல் என்னும் இளைஞர் 1890-இல் குடியானவர்களுக்கென்று மரப்பிடி போட்ட எளிய கத்தி ஒன்றைச் செய்தார். 1897-இல் அதை 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் செய்து விற்கத் தொடங்கினார். நெடுங்காலம் அது பூட்டில்லாமலே விற்று வந்தது. 1955-இல் மார்செல் ஒப்பினெல் அதன் கழுத்தில் திருகக்கூடிய ஓர் உலோக வளையத்தைச் சேர்த்தார். அலகை விரித்து வளையத்தைச் சற்றுத் திருப்பினால் அதன் பிளவு விலகி உலோகம் குறுக்கே நிற்கிறது. அலகு மடங்குவதற்கு வழியில்லை. இதைவிடச் சுலபமாகக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய பூட்டு வேறில்லை என்பதால், புதிதாகக் கத்தி வாங்குகிறவர்களுக்கு இதை நான் மனமார்ந்து சிபாரிசு செய்வேன். அமெரிக்காவில் பக் கம்பெனியார் 1964-இல் வெளியிட்ட 110 என்னும் வேட்டைக்கத்தி, முதுகுப் பட்டையின் கொக்கி அலகின் அடியிலுள்ள வெட்டில் விழுந்து பூட்டிக்கொள்ளும் முறையை உலகெங்கும் பிரசித்தமாக்கியது. முதுகிலே ஒரு பள்ளத்தை அழுத்தினால்தான் அது விடுபடும். 1980-களில் மைக்கேல் வாக்கர் என்னும் அமெரிக்கக் கத்திக் கலைஞர் செம்மைப்படுத்திய அமைப்பில், பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்றே வளைந்து வந்து அலகின் பின்னால் நின்றுகொள்கிறது. ஒரே கையால் திறக்கவும் மூடவும் சௌகரியமாயிருப்பதால் இப்போதைய கத்திகளில் இதுவே மிகுதியாகக் காணப்படுகிறது. ஆனால் இதை மூடும்போது கட்டைவிரல் அலகின் பாதையில் நிற்கிறது என்பதை மறக்கலாகாது. தகட்டை விலக்கி அலகைச் சற்றே மடக்கியதும் விரலை எடுத்துவிட வேண்டும்.

எந்த அமைப்பாயிருந்தாலும் கடையிலேயே செய்யத்தக்க பரீட்சைகள் சில உண்டு. அலகை முழுவதும் விரித்து, அதன் இரு பக்கங்களையும் விரல்களால் பற்றி இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அங்கேயும் ஆட்டம் கூடாது. பிறகு மடக்கிப் பிடியின் இடுக்கை வெளிச்சத்தில் நோக்கினால், அலகு எந்தச் சுவரையும் உரசாமல் நடுவே அமர்ந்திருக்க வேண்டும். பூட்டுள்ள கத்தியாயின், விரல்கள் அலகின் வழியில் இல்லாதவாறு பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை உள்ளங்கையால் நிதானமாக அழுத்திப் பூட்டு நழுவுகிறதா என்று பார்க்கலாம். மேஜையில் ஓங்கித் தட்டிப் பார்ப்பது கத்திக்கும் கைக்கும் கேடு. பெயர்பெற்ற கம்பெனியின் கத்தியிலும் ஒன்றிரண்டு பழுதாயிருக்கலாம். பெயரில்லாத கொல்லர் செய்த கத்தி இந்தப் பரீட்சைகளில் பூரணமாகத் தேறுவதும் உண்டு. ஆகையால் முத்திரையைப் பார்ப்பதற்கு முன் கீலைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, அலகின் நீளமும் வடிவமும். நாள்தோறும் பையில் சுமக்கும் கத்திக்கு 6 முதல் 8 சென்டிமீட்டர் நீளம் போதும். ஓர் ஆப்பிளை இரண்டாக அரிவதற்கும், அட்டையைக் கிழிப்பதற்கும், சணல் கயிற்றை அறுப்பதற்கும் அதற்கு மேல் அவசியமில்லை. நீளத்தோடு பாரமும் வருகிறது. 8-ஆம் எண் ஒப்பினெல் கத்தி 8.5 சென்டிமீட்டர் அலகு உடையதாயினும், மரப்பிடியாதலால் சுமார் 45 கிராம்தான். பித்தளை முனைகள் போட்ட பக் 110 கத்தியோ அலகில் ஒரு சென்டிமீட்டர் மட்டுமே அதிகமாயிருந்தும் 200 கிராம் கனக்கிறது. பின்னது இடுப்பு வாரில் தோலுறையில் தொங்கவேண்டியது. மெல்லிய பருத்திச் சட்டையின் பையில் அதைப் போட்டால் சட்டையே ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். வடிவத்தில், வயிறு மெல்ல வளைந்து, முனை நடுக்கோட்டுக்குச் சற்று மேலோ நடுவிலோ வந்து முடியும் அலகு எல்லா வேலைக்கும் பொதுவானது. முனை கூராக இல்லாமல், வெட்டும் ஓரம் நேர்கோடாகவும் முதுகு வளைந்து இறங்குவதாகவும் உள்ள அலகு பிறர் நடுவில் பயன்படுத்த நிம்மதி தருவது. தவறிக் குத்திவிடும் அச்சம் அதில் குறைவு. ரம்பப் பற்கள் வைத்த அலகு நைலான் கயிற்றைச் சுலபமாக அறுக்கும். ஆனால் வீட்டுச் சாணைக்கல்லில் அதற்குக் கூர் ஏற்றுவது சிரமம். எல்லாவற்றுக்கும் மேலாக, அலகு மெல்லியதாயிருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்ட கனமுடைய அலகு காரட்டின் ஊடே வழுக்கிக்கொண்டு செல்லும். நான்கு மில்லிமீட்டர் அலகோ எவ்வளவு கூராயினும் அதைப் பிளக்குமேயன்றி நறுக்காது.

எஃகைப் பற்றிய பேச்சு வரும்போது, தமிழ் வாசகர் அறிந்து மகிழத்தக்க ஒரு சரித்திரம் உண்டு. கரி மிகுந்த எஃகை மண் மூசையிலிட்டு உருக்கும் கலை தென்னிந்தியாவில், சேலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்கள் உட்படப் பல இடங்களில், பழங்காலம் முதல் நடந்து வந்தது. ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று வழங்கிய இந்த ஜாதி எஃகின் மாதிரிகளைப் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் என்னும் வைத்தியர் லண்டனிலிருந்த சர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்த ஜார்ஜ் பியர்சன் 1795-இல் ராயல் சொசைட்டிக்குச் சமர்ப்பித்த கட்டுரையில், ஸ்டோடார்ட் என்னும் லண்டன் கருவித் தொழிலாளர் அந்த எஃகினால் ஒரு பேனாக்கத்தி செய்து பார்த்ததையும், அதன் கூர் உயர்ந்த எஃகுக் கத்திக்குச் சமமாக வெட்டியதையும் பதிவு செய்திருக்கிறார். அதே ஸ்டோடார்ட், பின்னாளில் மின்சார ஆராய்ச்சியால் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து, இந்த எஃகின் ரகசியத்தை அறியும் பொருட்டுப் பல உலோகக் கலவைகளை உருக்கிப் பரிசோதித்தார். நம் கொல்லர்கள் வார்த்த எஃகின் குணத்தை மேனாட்டார் உரைத்துப் பார்த்தது ஒரு சட்டைப்பைக் கத்தியின் மூலமாகத்தான் என்பது நாம் பெருமிதத்தோடு நினைவில் வைக்கத்தக்க செய்தி.

இன்று நமக்குக் கிடைக்கும் எஃகுகளை இரு பெரும் பிரிவாகக் கொள்ளலாம். ஒன்று, நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு கரி சேர்ந்த சாதாரணக் கரி எஃகு: நேர்த்தியான கூர் ஏறும், சாணைக்கல்லுக்கு விரைவில் இணங்கும், ஆனால் மாங்காயும் எலுமிச்சையும் பட்ட மாத்திரத்தில் கறுக்கும், கடற்காற்றில் துருப்பிடிக்கும். மற்றொன்று, 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி வார்த்த எஃகின் வழிவந்தது: குரோமியம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சேர்வதால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் வசிப்பவர்களும், கத்தியைத் துடைத்து வைக்கும் பொறுமை இல்லாதவர்களும், துருப்பிடிக்காத எஃகையே தேர்ந்துகொள்வது உத்தமம். கரி எஃகின்மேல் நாளடைவில் படரும் கருநீலச் சாயல் ஓரளவு காப்பாகவும் அமைவதால், அதை ஆசையோடு பேணுகிறவர்களும் உண்டு.

கடினத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எஃகின் கடினத்தை ராக்வெல் என்னும் அளவையால் குறிப்பார்கள். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கத்தி சுமார் 56. பக் கத்தி சுமார் 58. ஜப்பானிய எஃகுகள் பல 60-ஐத் தாண்டும். எண் ஏற ஏறக் கூர் நெடுநாள் நிற்கும். கூடவே அலகு சிம்பு தெறிக்கும் சுபாவமும், சாணைக்கு இணங்காத பிடிவாதமும் ஏறும். வனேடியம் மிகுதியாகச் சேர்த்த உயர்விலை எஃகுகளில் தோன்றும் கடினத் துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லின் மணிகளையே விஞ்சி நிற்பதால், அவற்றுக்கு வைரத்தூள் பதித்த கல் தேவைப்படுகிறது. தினம் ஒரு பழமும் இரண்டு பொட்டலமும் அறுக்கிறவருக்கு, மாதம் ஒரு முறை பத்து நிமிஷத்தில் தாமே கூர்தீட்டிக்கொள்ளக்கூடிய மிதமான எஃகே உண்மையில் உயர்ந்தது. கூர் மழுங்கிப்போய், தீட்ட வழியின்றிக் கிடக்கும் விலையுயர்ந்த கத்தியினால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

வாங்குமுன் பிடியைக் கையில் இறுகப் பற்றிப் பார்க்க வேண்டும்; எங்கேனும் ஒரு மூலை உள்ளங்கையை உறுத்தினால், பத்து நிமிஷ வேலையில் அது கொப்புளமாகும். மரம் கைக்கு இதமானது. ஆனால் தண்ணீரில் நனைந்தால் பருத்து அலகை இறுக்கிவிடும். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் கழுவுவதற்கு எளியவை. கொம்பும் எலும்பும் அழகு வாய்ந்தவை, வெயிலில் வெடிக்கக்கூடியவை. 1981-இல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ கம்பெனியார் பிடியின்மேல் ஒரு கவ்வியைப் பொருத்தி, கத்தி பையின் விளிம்பில் பேனாவைப்போல் நிற்கும்படி செய்தார்கள்; அலகில் வட்டத் துளை ஒன்றிட்டு ஒரே கையால் திறக்கவும் வழி செய்தார்கள். கால்சட்டை அணிகிறவர்களுக்கு இது சௌகரியம். வேஷ்டியும் சட்டையுமாக இருக்கிறவர், குனிந்தால் பொருள்கள் உதிரும் மேற்பையை நம்பாமல், பக்கப் பையிலோ கைப்பையிலோ சிறு கத்தியை வைத்துக்கொள்வது நலம்.

ஒரே அலகா, பல கருவிகள் சேர்ந்த கத்தியா என்னும் கேள்வியும் எழும். ஈபாக் என்னும் சுவிஸ் ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்ஸெனர் 1891-இல் தம் நாட்டு ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்திகளை அளித்தார். திருப்புளி, டப்பா திறப்பான் முதலியவை அதில் அடங்கியிருந்தன. 1897-இல் அதனினும் இலேசான அதிகாரிகள் கத்தியை அமைத்துப் பதிவு செய்தார். இவற்றின் வழிவந்த கத்திகளில் கத்தரிக்கோலும் திருப்புளியும் தக்கையுருவியும் அடங்கியிருக்கின்றன. கருவிகள் கூடக்கூடக் கனமும் கூடும் என்பதை நினைவில் கொண்டு, எவற்றைச் சென்ற மாதத்தில் தேடித் தவித்தோமோ அவை மட்டும் உள்ளதை வாங்கினால் போதும். பெரும்பாலோருக்கு அலகும் கத்தரிக்கோலும் திருப்புளியும் சேர்ந்த 58 மில்லிமீட்டர் சிறு கத்தியே சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டு ஆயுள் முழுவதும் உதவும்.

சட்டத்தை அறியாமல் கத்தியை வாங்கலாகாது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் அமைந்த 2016-ஆம் ஆண்டு விதிகள், வீட்டு வேலை, விவசாயம், விஞ்ஞானம், கைத்தொழில் ஆகியவற்றுக்கென்று அமைந்தவை நீங்கலாக, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வரிசையில் சேர்க்கின்றன. நாம் பேசுகிற சிறு கத்தி அந்த எல்லைக்கு வெகுதூரம் கீழே இருந்தாலும், பொத்தானை அழுத்தியதும் பாய்ந்து திறக்கும் கத்திகளைத் தவிர்த்துவிடுவதே விவேகம். நம் நாட்டு விமானங்களில் மடக்குக்கத்தியைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. சோதனையிட்டு அனுப்பும் பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும். நீதிமன்றம் முதலிய காவலுள்ள இடங்களுக்குப் போகும்போது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பூட்டில்லாமல் மடங்கும், வெட்டும் ஓரம் 3 அங்குலத்துக்கு மேற்படாத கத்தியையே தனிக் காரணம் காட்டாமல் பொதுவிடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றி வெளியில் எடுத்துச்செல்வது சட்டத்துக்கு மாறானது. அந்நாடுகளில் வாழும் நம்மவரும், அங்கே யாத்திரை செய்கிறவரும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

சட்டத்தைக் காட்டிலும் பெரியது நடத்தை. ஹிகோனோகாமி ஒருகாலத்தில் ஜப்பானியப் பள்ளிச் சிறுவர்கள் பென்சில் சீவுவதற்கென்று வைத்திருந்த கத்தி. 1960-இல் சோஷலிஸ்டுத் தலைவர் அசனுமா மேடையிலேயே ஒரு குறுவாளால் கொல்லப்பட்ட பிறகு, பிள்ளைகள் கையில் கத்தியே வேண்டாம் என்னும் இயக்கம் பரவி, அந்தத் தொழிலே நலிந்தது. சிறுவர்களின் கத்திக்கும் அந்தக் கொலைக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. ஆயினும் கூர்மையான பொருள் எதுவும் பிறருடைய அச்சத்துக்கு எளிதில் இலக்காகிறது. ஆகவே கத்தியைக் கூட்டத்தில் விரித்து விளையாடுவதும், வேடிக்கைக்கு ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டுவதும் அறவே கூடாது. பிறருக்குக் கொடுக்கும்போது மடக்கிக் கொடுக்க வேண்டும். அறுக்கும்போது தன் உடம்புக்கு எதிர்ப்புறமாக அறுக்க வேண்டும். அலகை நெம்புகோலாகவோ திருப்புளியாகவோ பயன்படுத்தவே கூடாது.

பராமரிப்பு எளியது. சாணைக்கல்லை நனைத்து, ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 டிகிரி வரையில் சாய்வு மாறாமல் தீட்டி, ஓரத்தில் மெல்லிய பிசிறு எழுந்ததும் மறுபக்கம் திருப்பி, கடைசியில் பழைய தோல்வாரில் இழுத்துவிட்டால் கூர் திரும்பிவிடும். பழம் நறுக்கிய பின் ஈரத்தைத் துடைத்து, இடுக்கிலுள்ள தூசியைக் குச்சியால் எடுத்து, கீலாணிக்கு எப்போதாவது ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும். மழுங்கிய கத்தியைக் காட்டிலும் கூரிய கத்தியே அபாயம் குறைந்தது. மழுங்கியதை அதிகப் பலத்தோடு அழுத்துவதால்தான் அது வழுக்கிக் கையைப் பதம் பார்க்கிறது.

முடிவாக, அலுவலக வேலை செய்கிறவருக்கு 58 மில்லிமீட்டர் சுவிஸ் கத்தி. பிரயாணத்தில் பழமும் ரொட்டியும் நறுக்கிச் சாப்பிடுகிறவருக்கு 7 அல்லது 8-ஆம் எண் ஒப்பினெல். தோட்டத்திலும் மின்சார வேலையிலும் பழகுகிறவருக்கு உறுதியான பூட்டும் கழுவத்தக்க பிடியும் உள்ள நடுத்தரக் கத்தி. லண்டனில் இருப்பவருக்குப் பூட்டில்லாத சிறு பேனாக்கத்தி. இவற்றில் எதுவும் மிகையான விலையுடையதன்று. எளிய கத்தியானாலும் அதைக் கூர் குன்றாமல் வைத்திருந்து, தன் வேலைக்கும் அண்டை அயலார் வேலைக்கும் தயங்காமல் எடுத்து உதவுகிறவருக்கே அது தன் விலையைப் பல மடங்காகத் திருப்பித் தருகிறது. ஆகையால் கடைக்குப் போகுமுன், சென்ற வாரத்தில் கத்தி இல்லாமல் எந்தெந்த வேலைக்குத் திண்டாடினோம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலுக்குப் போதுமான மிகச் சிறிய கத்தியை, கீலைச் சோதித்துப் பார்த்து, தயக்கமின்றி வாங்குங்கள்.